மரத்தடியில் ஒதுங்கியவர்கள்: மின்னல் யாரை, எப்படிக் கொல்கிறது?

சித்திரை, வைகாசியிலும் அப்புறம் ஐப்பசியிலும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். ஊர் பெயர் மட்டும் மாறும். ஆடு மேய்க்கப் போனவர், களை எடுக்கப் போன பெண்கள், ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடிய பையன்கள். மழை வந்தது, மரத்தடியில் ஒதுங்கினார்கள், மின்னல் தாக்கியது. நாலு வரி, சில சமயம் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். படிக்கிறவர் 'விதி' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அந்த நாலு வரிச் செய்திகளையெல்லாம் கூட்டினால் வருகிற தொகை சின்னதல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களில் இறந்தவர்கள் 8,060 பேர். அதில் மின்னலுக்கு மட்டும் 2,887 பேர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு 2,880. புயலுக்குப் பெயர் வைக்கிறோம், எங்கே கரையைக் கடக்கும் என்று இரவெல்லாம் டிவி பார்க்கிறோம். மின்னல் ஒன்றும் இரண்டுமாக ஆட்களைக் கொண்டுபோவதால் அதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. எப்போதாவது மொத்தமாகக் கொண்டுபோனால்தான் திரும்பிப் பார்க்கிறோம். 2020 ஜூன் 25-ஆம் தேதி பீகாரில் ஒரே நாளில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். நடவுக் காலம். இறந்தவர்களில் பெரும்பாலோர் வயலில் நின்றவர்கள்.

மின்னல் எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் யாரைக் கொல்லும் என்பது அப்படியொன்றும் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் திறந்த வெளியில் வேலை செய்கிறவர்கள், மழை பிடித்தால் ஒதுங்க ஒரு மரத்தைத் தவிர வேறு இடம் இல்லாதவர்கள், இவர்கள்தான் அந்த மாவட்டப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

முதலில் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வானிலை அறிக்கையில் 'வெப்பச்சலனம்' என்று அடிக்கடி கேட்கிறோமே, கதை அங்கேதான் தொடங்குகிறது. காலையிலிருந்து காய்ந்த தரை, மேலே இருக்கிற ஈரக்காற்றைச் சூடேற்றுகிறது. சூடான காற்று மேலே கிளம்புகிறது. நம் பக்கத்தில் சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்திலேயே தண்ணீர் உறையும் குளிர் வந்துவிடும். இடிமேகமோ அதையும் தாண்டி 12, 15 கிலோமீட்டர் வரை வளரும். அந்தக் குளிருக்குள் மெல்லிய பனிப்படிகங்கள் மேலே பறக்கின்றன. கொஞ்சம் கனத்த, மிருதுவான ஆலங்கட்டித் துகள்கள் கீழே இறங்குகின்றன. இரண்டும் கோடிக்கணக்கில் மோதிக்கொள்ளும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. லேசான படிகங்கள் நேர்மின்னூட்டத்தை மேலே கொண்டுபோக, மேகத்தின் நடுவிலும் அடியிலும் எதிர்மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்தது ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது. பெரும்பாலான மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே பாய்ந்து முடிந்துவிடுகின்றன. கொஞ்சம்தான் தரைக்கு வருகிறது. வெளிச்சம் கண்ணில் படுகிற அந்த நொடித்துளியில் மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. அது சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. அவ்வளவு சூட்டில் காற்று வெடித்து விரியும் சத்தம்தான் இடி.

தரை காய்ந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கும் என்பதால் கோடை இடிமழைக்கு ஒரு நேரம் உண்டு. உள் மாவட்டங்களில் மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு மேற்கே கருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இன்னும் சீக்கிரம். சென்னைப் பக்கம் கடற்காற்றும் மேற்குக் காற்றும் முட்டிக்கொள்ளும் நாட்களில் மாலையிலோ ராத்திரியிலோ இடிக்கும். இலங்கையிலும் இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், அதாவது மார்ச் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும், பிற்பகலில்தான் இடிமின்னல் அதிகம். வயலில் இருந்து வீடு திரும்பாத நேரம், ஆடு மாடு மேய்ச்சலில் இருக்கும் நேரம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நடந்து வரும் நேரம், எல்லாம் இதே நேரம்தான்.

சரி, மனிதன் மேல் அது எப்படிப் பாய்கிறது? 'மின்னல் தாக்கி' என்று படித்ததும், வானத்திலிருந்து ஒரு கோடு நேராகத் தலையில் இறங்கியதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பது மிக அபூர்வம். மின்னல் காயங்களை ஆராயும் மருத்துவர்கள் தரும் தோராயக் கணக்கில் நேரடித் தாக்குதல் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துதான். இது வளர்ந்த நாடுகளை வைத்துப் போட்ட கணக்கு. ஆனாலும் பாயும் வழிகள் எல்லா ஊருக்கும் ஒன்றே. மின்னல் விழுந்த குழாயையோ கம்பி வேலியையோ தொட்டுக்கொண்டிருந்ததால் பாதிக்கப்படுகிறவர்கள் இன்னொரு மூன்று முதல் ஐந்து. மரத்திலோ கம்பத்திலோ விழுந்து, பாதி வழியில் பக்கத்தில் நிற்கிற ஆளின் மேல் தாவுவது 30 முதல் 35. மேகத்திலிருந்து இறங்குவதைச் சந்திக்கத் தரையிலிருந்து, அதாவது நம் உடம்பு வழியாகவே, ஒரு மின்கீற்று மேலே கிளம்பும். அது மின்னலோடு போய்ச் சேராவிட்டாலும் ஆளைக் கொல்லும். அந்த வகை 10 முதல் 15. மிச்சம் இருக்கிற பாதிக்கும் மேல், 50 முதல் 55 சதவீதம், தரை வழியாக வருவது.

இந்தத் தரை வழித் தாக்குதலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மின்னல் ஒரு புள்ளியில் இறங்கினால் அதோடு மண்ணில் மறைந்துவிடுவதில்லை. கிணற்றில் கல் போட்டால் வளையம் வளையமாகப் பரவுகிறதே, அந்த மாதிரி மின்னோட்டம் மண்ணில் நாலாபக்கமும் பரவுகிறது. விழுந்த இடத்துக்கு அருகில் வோல்டேஜ் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. நீங்கள் ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் வைத்து நின்றால், இரண்டு பாதத்துக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். அந்த வித்தியாசத்தால் மின்னோட்டம் ஒரு கால் வழியாக ஏறி இன்னொரு கால் வழியாக இறங்கும். கால் அகல அகல ஆபத்து கூடும்.

ஆடு மாடுகள் இதில் படுமோசமாக மாட்டிக்கொள்கின்றன. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நல்ல இடைவெளி, அந்த வழியில்தான் இதயமும் இருக்கிறது. மேய்த்தவர் மயங்கி விழுந்து பிழைத்து, மந்தை மொத்தமாகச் செத்துக் கிடந்தது என்று செய்தி வருவதற்கு இதுதான் காரணம். நார்வேயில் 2016 ஆகஸ்டில் ஒரு மலைமேட்டில் 323 பனிமான்கள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. இடி மழைக்கு ஒன்றோடு ஒன்று ஒண்டி நின்றவை. நம் ஊர் ஆடுகளும் அப்படித்தான், மழை வந்ததும் மரத்தைச் சுற்றிக் கும்பலாக நின்றுவிடும்.

இப்போது மரத்துக்கு வருவோம். தென்னையில் இடி விழுந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே குருத்து புகையும், சில சமயம் எரியும். மறுநாள் போய்ப் பார்த்தால் தண்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு ஓடியிருக்கும், அதிலிருந்து சாறு வடிந்து காய்ந்திருக்கும். மரத்துக்குள் இருக்கிற நீர் நொடியில் ஆவியாகி வெடித்த தடம் அது. இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, கடைசியில் மரம் மொட்டையாக நிற்கும். தோப்புக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். விழுந்தது ஒரு மரத்தில்தான், ஆனால் சுற்றி நிற்கிற சில மரங்களும் வாரக்கணக்கில் வாடிச் சாகும். பக்கவாட்டிலும் மண்ணுக்குள்ளும் போன மின்னோட்டத்தின் வேலை. மரமே தாக்குப்பிடிக்காத அந்த இடத்தில்தான் நாம் முதுகைச் சாய்த்து நின்று மழைக்கு ஒதுங்குகிறோம். மனித உடம்பு மரத்தைவிட நல்ல மின்கடத்தி. பட்டையோடு ஒட்டி ஓர் ஆள் நின்றால் மின்னல் மரத்தை விட்டு அவர் மேல் தாவுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மரத்தையே காவலாக வைக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 2016-இல் மின்னல் சாவுகள் கிடுகிடுவென்று கூடியதும் வங்கதேச அரசு மின்னலைப் பேரிடராக அறிவித்தது. வயல் வரப்புகளில் லட்சக்கணக்கில் பனை நட்டார்கள். உயரமான பனை மின்னலை வாங்கிக்கொள்ளும், கீழே வேலை செய்கிறவர் பிழைப்பார் என்ற கணக்கு. பின்னால் ஒடிசாவும் அதே வழியில் பனை நடும் திட்டம் போட்டது. பனை நடுவதை நம் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், மாநில மரம் வேறு. ஆனால் பனை அந்த உயரத்துக்கு வர இருபது ஆண்டுக்குக் குறையாது. வளர்ந்த பிறகும் எந்தப் பனையில் மின்னல் விழும், அப்போது அதன் அடியில் யார் நிற்பார் என்பதற்கு யார் உத்தரவாதம்? என்னைக் கேட்டால், பனையைப் பனைக்காக நடலாம். மின்னலுக்காக நடுவது, வயலில் ஒதுங்கக் கட்டடம் கட்டுவதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு.

ஊரில் உலவும் நம்பிக்கைகள் தனி ரகம். இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று பாட்டிமார் சொல்வார்கள். அர்ஜுனனின் பத்துப் பெயரையும் வரிசையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அதனால் ஒரு கெடுதலும் இல்லை, பயந்த பிள்ளைக்கு ஆறுதலும்கூட. ஆனால் 'அர்ஜுனா' என்று வாயைத் திறந்து சொல்வதால் காது அடைப்பு நீங்கும், நம் முன்னோரின் அறிவியல் என்று வாட்ஸப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறதே, பாட்டிக்கு அந்த விளக்கம் தேவைப்படவே இல்லை.

கோபுரக் கலசம் ஊருக்கே இடிதாங்கி என்ற கதையும் அந்த வகைதான். உலோகத்தை உச்சியில் வைத்தால் மட்டும் அது இடிதாங்கி ஆகிவிடாது. உச்சியிலிருந்து மண்ணுக்குள் புதைத்த தகடு வரை கனமான கடத்தி அறுபடாமல் இறங்க வேண்டும். கலசம் உட்கார்ந்திருப்பது செங்கல் மேலும் சுதை மேலும். அதனால்தான் இடி விழுந்து கோபுரச் சிற்பங்கள் உடைகின்றன. பல கோயில்களில் கலசத்துக்குப் பக்கத்திலேயே தனியாக ஓர் இடிதாங்கி நட்டு, செப்புப் பட்டையைக் கோபுரத்தின் பக்கவாட்டில் தரை வரைக்கும் இறக்கியிருப்பதும் இதனால்தான். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்தால் தெரியும். அந்த இடிதாங்கி காப்பதும் அந்தக் கட்டடத்தைத்தான், ஊரையல்ல.

செல்போன் மின்னலை இழுக்கும் என்பதும் தப்பு. உயரம், கூர்மை, தனியாக நிற்பது, இவைதான் மின்னலுக்குக் கணக்கு. கையில் இருக்கும் போனோ காதில் இருக்கும் கம்மலோ அல்ல. சார்ஜரில் மாட்டியபடி பேசுவது வேறு விஷயம், கம்பி வழியாக வரலாம். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்கிறவர்களுக்கு ஒரு பதில்: கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வருவதற்கு அரை அங்குல ரப்பர் ஒரு பொருட்டே இல்லை. காருக்குள் இருப்பவர் தப்பிப்பதும் டயரால் அல்ல, சுற்றியிருக்கும் உலோக உடல் மின்னோட்டத்தை வெளியிலேயே தரைக்கு இறக்கிவிடுவதால். அதனால் மூடிய கார், வேன், பஸ் எல்லாம் நல்ல இடம். ஆட்டோ, டிராக்டர், பைக் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. உயரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஜெய்ப்பூரை நினைத்துக்கொள்ளலாம். 2021 ஜூலை 11 அன்று ஆமேர் கோட்டைக்கு எதிரே குன்றின் மேல் இருக்கும் காவற்கோபுரத்தில் மழையை ரசிக்கவும் செல்ஃபி எடுக்கவும் ஏறியவர்களில் 11 பேர் மின்னலில் இறந்தார்கள்.

வீட்டுக்குள் உயிருக்கு ஆபத்து குறைவு, சாமான்களுக்குத்தான் அதிகம். கரண்ட் கம்பி, கேபிள், இன்டர்நெட் வயர், மொட்டைமாடி டிஷ் எல்லாம் வெளியே விழுந்த மின்னலை உள்ளே கூட்டிவரும் வழிகள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதுவும் தூரத்தில் இடிக்கத் தொடங்கும்போதே. தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கப் போவதுதான் ஆபத்து. டிவிக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு மோடத்தை மறப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டு எர்த் குழியை இடிதாங்கி என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது ஷாக் அடிக்காமல் இருக்கப் போட்டது, மின்னலுக்காக அல்ல.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். இந்த விஷயத்தில் நிலைமை முன்னைக்கு எவ்வளவோ தேவலை. 'அடுத்த 3 மணி நேரத்தில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு' என்று மாவட்டப் பெயர்களோடு சென்னை வானிலை ஆய்வு மையம் சொல்கிறது, போனுக்கும் குறுஞ்செய்தி வருகிறது. புனேவில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செயலியை வைத்திருக்கிறது. நாடெங்கும் நிறுவிய உணர்கருவிகளை வைத்து, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறதா என்று வரைபடத்தில் காட்டும். எதுவும் இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது நிறுத்தி, மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். முப்பது எண்ணுவதற்குள் இடித்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மழை நம் தலைக்கு வராமலே, அத்தனை தூரத்து மேகத்திலிருந்து மின்னல் நம் வயலில் விழலாம். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மழை விட்டதும் வேலைக்கு இறங்கி மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை வந்துவிட்டது. அப்புறம்? ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவுக்கு வந்த பெண்கள் கொத்து. போன்கள் பாலிதீன் பையில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பு மரத்தில் தொங்குகின்றன. குறுஞ்செய்தி அந்தப் பைக்குள் வந்து கிடக்கும். யாராவது பார்த்தாலும் ஒரு மாவட்டம் முழுக்கச் சொன்ன எச்சரிக்கைக்குப் பாதி நாற்றோடு கரையேறினால் பாக்கிக் கூலி யார் தருவது? சரி, ஏறினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஊர் இரண்டு கிலோமீட்டர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பது ஒரு புளியமரம், ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பம்புசெட் ரூம். கொட்டகை மின்னலுக்கு மரத்தைவிட மேல் இல்லை. ரோட்டோரப் பயணியர் நிழற்குடையும் பக்கம் திறந்தது, உதவாது. பம்புசெட் ரூம் காங்கிரீட் தளம் போட்டதாக இருந்தால், மோட்டாரையும் குழாயையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் தொடாமல், சுவரில் சாயாமல் நடுவில் நிற்கலாம். இருப்பதில் அதுதான் மேல். அதுவும் பல நேரம் பூட்டியிருக்கும், சாவி உரிமையாளர் வீட்டில்.

'மரத்தடியில் நிற்காதீர்கள்' என்று ஆண்டுதோறும் போஸ்டர் அடிக்கிறோம், வேறு எங்கே நிற்பது என்பதற்குப் போஸ்டரில் பதில் இல்லை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் நிழல் ஏற்பாடு வேண்டும் என்று விதி இருந்தது, நடைமுறையில் அந்த நிழல் பெரும்பாலும் ஏரிக்கரை மரம்தான். வயற்காட்டில் இத்தனை தூரத்துக்கு ஒன்று என்று நாலு சுவரும் தளமும் முறையான இடிதாங்கியும் உள்ள சின்ன அறைகள் கட்டுவது பெரிய பொறியியல் அல்ல. களத்துமேட்டில் உலர்களம் கட்டும்போதே சேர்த்துக் கட்டலாம். தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை, பூச்சித் தாக்குதல் எல்லாம் இருந்தும் மின்னலைப் பல ஆண்டுகளாகச் சேர்க்காமலே வைத்திருந்ததையும், இந்த அறைகள் யார் மனத்திலும் வராததையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

ஒன்றுமே கிடைக்காத வெட்டவெளியில், தலைமுடி சிலிர்த்து நிற்கிற மாதிரியோ தோல் கூசுகிற மாதிரியோ தெரிந்தால், பாதங்களைச் சேர்த்து வைத்துக் குத்துக்காலிட்டுக் குனிந்து உட்கார வேண்டும். படுத்துவிடக் கூடாது, தரை மின்னோட்டத்துக்கு உடம்பு முழுவதையும் கொடுத்தது போலாகிவிடும். கும்பலாக இருந்தால் விலகி விலகி உட்கார வேண்டும். இதைப் பாதுகாப்பு என்று யாரும் சொல்லவில்லை, வேறு வழியே இல்லாதபோது செய்வது.

மின்னல் தாக்கி விழுந்தவரைத் தொடப் பயப்படுகிறவர்கள் இன்னும் நிறைய. அவர் உடம்பில் கரண்ட் நிற்காது, உடனே தொடலாம். மின்னல் பெரும்பாலும் ஆளை எரித்துக் கொல்வதில்லை, இதயத்தையும் மூச்சையும் நிறுத்திக் கொல்கிறது. இதயம் சில சமயம் தானாகத் திரும்பத் துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சு அதைவிடத் தாமதமாகத்தான் திரும்பும். அந்த இடைவெளியில் பிராணவாயு இல்லாமல் இதயம் மறுபடி நின்றுவிடுகிறது. அதனால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், தெரிந்தவர் இருந்தால் வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும். நாலைந்து பேர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மூச்சில்லாமல் கிடக்கிறவரை முதலில் கவனிக்க வேண்டும். வழக்கமான விபத்துகளில் இதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்வார்கள். மின்னலில் மட்டும் செத்தவர் மாதிரி கிடப்பவருக்குத்தான் பிழைக்க வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. வட இந்தியாவின் சில கிராமங்களில் சாணியில் புதைத்து வைத்து மின்சாரத்தை இறக்கப் பார்க்கிறார்கள். போகிறது எல்லாம் அந்த முதல் சில நிமிடங்கள்தான். பிழைத்து எழுந்தவருக்குக் கால் மரத்துப்போயிருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். தோலில் இலைக்கிளை மாதிரி சிவந்த கோடுகள் வந்திருந்தாலும் மறையும். ஆனால் காது, கண், ஞாபக மறதி, தூக்கமின்மை என்று பின்னால் வருவது உண்டு என்பதால் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இறந்துவிட்டால், அந்தத் துக்கத்திலும் ஒன்றைச் செய்தாக வேண்டும். போலீசுக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகுதான் அடக்கம். மின்னலால் இறந்தார் என்ற சான்று இல்லாமல் நிவாரணத் தொகை நகராது. பல குடும்பங்கள் அவசரமாக எடுத்துவிட்டுப் பின்னால் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பது அதனால்தான். மாடு, ஆடு செத்திருந்தாலும் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.